உடைந்த ‘டெப்’பும் காத்திருக்காத கொழுந்தும்

மலையகத்தில் தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ‘ஸ்டோர்’ என்றுதான் சொல்வோம். ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து ஸ்டோர்களில் பிட்டராக வேலை செய்தே என் காலம் போயிற்று. அங்கே கொழுந்தை உருட்டும் ரோலர்கள் பல, பிரித்தானியர் காலத்து வார்ப்பிரும்பு உடம்போடு இன்றும் ஓடுகின்றன. அந்த உடம்பு வெடித்தால் மாற்றுவதற்குக் கடையில் பாகம் கிடைக்காது.

மரை தேய்ந்த துளையில் புதிய மரை வெட்டும் உருக்குக் கருவிதான் டெப். வெட்டும்போது அது துளைக்குள்ளேயே உடைந்தால் இரட்டைச் சிக்கல். டெப் சாதாரண ட்ரில் அலகு அளவுக்கே கடினமானது. ட்ரில் அதைத் துளைக்காது, வழுக்கிப் பக்கத்து வார்ப்பிரும்பைத் தின்றுவிடும். மறுபுறம், மேல்மாடியில் 12 முதல் 18 மணி நேரம் வாடிய கொழுந்து காத்திருக்காது. நேரம் தப்பினால் தேயிலையின் தரம் விழும். தரம் விழுந்தால் விலை விழும், அதன் சுமை கடைசியில் லயத்தில்தான் வந்து இறங்கும்.

டெப் ஏன் உடைகிறது? பழைய இயந்திரங்களில் இருப்பது விட்வொர்த் மரை. அரை அங்குல ஆணிக்கு ஓர் அங்குலத்தில் 12 மரை, கோணம் 55 பாகை. இப்போது கடையில் கிடைக்கும் மெட்ரிக் மரைக்குக் கோணம் 60 பாகை. இரண்டும் பொருந்தாது, வலிந்து திருப்பினால் இறுகி முறியும். துளை சிறிதாக இருந்தாலும், டெப் சாய்ந்து போனாலும், வார்ப்பிரும்புத் தூள் அடைத்தாலும் இதே கதிதான். அரைச் சுற்று முன்னே திருப்பினால் கால் சுற்றுப் பின்னே எடுக்க வேண்டும்.

உடைந்துவிட்டால் முதலில் கையை எடுத்துவிட வேண்டும். ரோலரின் மின்சாரத்தை நிறுத்தி, மேசையைத் துணியால் மூட வேண்டும். உருக்குச் சில்லு ஒன்று கொழுந்தில் விழுந்தால் அது யாரோ ஒருவரின் கோப்பைக்குப் போகும். பிறகு தூளை ஊதி எடுத்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற விட வேண்டும்.

துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் குறட்டால் பிடித்து, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைக்கலாம். உள்ளே இருந்தால் டெப்பின் பள்ளங்களுக்குள் கடினமான கம்பிகளை இறக்கித் திருப்பலாம். 1977 கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிக்குப் போன என் பெரியப்பா, அங்கே நீரிறைக்கும் இயந்திரங்கள் திருத்தினார். பொருளாதாரத் தடைக் காலத்தில் உதிரிப்பாகம் கிடைக்காதபோது, ஸ்பிரிங் கம்பியைத் தீட்டி இந்தக் கருவியைத் தானே செய்துகொண்டார். கம்பிகள் விரியாமல் துளையின் வாய்க்குப் பக்கத்தில் ஒரு வளையம் போட வேண்டும் என்பது அவர் சொல்லித் தந்தது.

அதற்கும் அசையாவிட்டால், முறிந்த முனையில் வெல்டிங்கால் உலோகம் ஏற்றி, அதன் மேல் ஒரு நட்டை ஒட்டவைத்து, ஆறியதும் ஸ்பேனரால் மெதுவாகத் திருப்பலாம். சூடு கூடினால் வார்ப்பிரும்பு வெடிக்கும் என்பதால் சிறு சிறு பொட்டாகவே வைக்க வேண்டும்.

இன்னொரு வழி, கடினமான பஞ்சால் தட்டி டெப்பையே நொறுக்கி, ஊசியாலும் காந்தத்தாலும் துண்டுகளை எடுப்பது. டெப் கண்ணாடிபோல் சிதறும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

படிகாரக் கரைசலில் டெப்பைக் கரைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது அலுமினியம், பித்தளைப் பாகங்களுக்குத்தான். வார்ப்பிரும்பில் செய்தால் டெப்போடு பாகமும் அரிக்கும்.

கடைசி வழி, மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் இயந்திரம். பாகத்தைக் கழற்றி, அந்த வசதியுள்ள பட்டறைக்கு அனுப்ப வேண்டும்.

எடுத்த பிறகு பழைய மரை கெட்டிருந்தால், துளையைப் பெருப்பித்து அடுத்த அளவு மரை வெட்டலாம். அல்லது சுருள் கம்பி மரை பதிக்கலாம்.

2022 நெருக்கடியில் டொலர் இல்லாமல் உதிரிப்பாகத்துக்கு நாடே திண்டாடியது. வன்னி மக்களுக்கு அது புதிதல்ல. இருப்பதைப் பழுது பார்த்து ஓடவைக்கும் கைகள் மலையிலும் வன்னியிலும் உண்டு. அந்தக் கைகள் வயதாகி வருகின்றன. பக்கத்தில் நின்று பார்க்க ஓர் இளையவர் இருந்தால், தொழில் அடுத்த தலைமுறைக்குப் போகும்.