பழம்பொறிக்குப் புத்துயிர்

புதுவைக் கடற்கரையை அடுத்த செயின்ட் லூயி தெருவிலே பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று உளது. பிரெஞ்சு ஆட்சி நீங்கிய மறு ஆண்டாகிய 1955இல் தோன்றிய அந்நிறுவனம், கோயில்களிலும் மடங்களிலும் குருக்கள் இல்லங்களிலும் தேடித் தொகுத்த ஓலைச்சுவடிகளைப் பேணி வருகின்றது. புதுவையிலுள்ள சைவச் சுவடிகள் ஏறத்தாழ 11,000, யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2005இல் இடம்பெற்றன. இவற்றுள் மிகப்பல வடமொழியைக் கிரந்த எழுத்தில் எழுதியவை. ஓலை பழுதுறாது இருப்பினும் கிரந்தம் கல்லாதார்க்கு அவ்வெழுத்து வெறுங் கீறலே. ஆகலின் அங்குள்ள பண்டிதர்கள் பல சுவடிகளைப் படித்துத் தாளில் நாகரி எழுத்தில் பெயர்த்தெழுதினர். ஓலை இருத்தல் வேறு. அதனைப் படிப்பார் இருத்தல் வேறு.

கணிப்பொறியில் சேமித்தவற்றுக்கும் இந்நிலை உண்டு. அங்கே படிப்பவர் மனிதர் அல்லர், பொறியே. அப்பொறி வழக்கொழிந்தால் நேர்வது யாது என்பதை இங்கிலாந்து நாட்டு நிகழ்ச்சி ஒன்று காட்டுகின்றது. 1086இல் வில்லியம் மன்னன் ஆணையால் நிலமும் கால்நடையும் குடிகளும் கணக்கிடப்பெற்று, ‘டூம்ஸ்டே’ என்னும் தோலேட்டில் எழுதப்பட்டன. அதன் தொள்ளாயிரமாம் ஆண்டு நினைவாக 1986இல் பி.பி.சி. நிறுவனம் புதியதொரு தொகுப்பை வெளியிட்டது. பள்ளி மாணவர்கள் தம் ஊர்ச் செய்திகளைத் திரட்டி அனுப்பினர். படங்களும் வரைபடங்களும் கூடி அனைத்தும் லேசர் தட்டுகளில் ஏறின. பதினைந்து ஆண்டு செல்வதற்குள் அத்தட்டுகளைச் சுழற்றும் பொறியும் அதற்குரிய கணிப்பொறியும் கிட்டற்கரியன ஆயின. தொள்ளாயிரம் ஆண்டு மூத்த தோலேடு பேசிற்று. நேற்றைய தட்டு வாய்மூடிக் கிடந்தது! 2002இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பழைய பொறியைப் போலவே புதுக் கணிப்பொறியை நடக்கச் செய்யும் மென்பொருள் ஒன்றை இயற்றி, அதனைப் பேசவைத்துக் காட்டினர்.

இத்தகைய மென்பொருளை ‘எமுலேட்டர்’ என்பர். நாம் ‘ஒப்பியங்கி’ என வழங்குவோம். இக்கலையில் பெரிதும் தேர்ந்தவர் யாவர் எனின், வியப்பாக இருக்கும்: பழைய மின்விளையாட்டுகளில் பற்றுடையோரே.

ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1980இல் ஜப்பானிய நாம்கோ நிறுவனம் ‘பாக்-மேன்’ என்னும் விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. அதனுள் இருந்தது ‘இசட் 80’ என்னும் சிறு சில்லு. நொடிக்கு முப்பது இலட்சத்திற்குச் சற்று மேற்பட்ட துடிப்புடையது. விளையாட்டின் கட்டளைகள் யாவும் அச்சில்லின் மொழியிலேயே அமைந்தவை. உங்கள் கைப்பேசியின் சில்லு அம்மொழியை அறியாது. பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேக்கும் ஊராருக்கும் இடையே துபாஷியாக நின்ற ஆனந்தரங்கப் பிள்ளையைப்போல, ஒப்பியங்கி இரண்டற்கும் இடையே நிற்கின்றது. பழைய கட்டளையை ஒவ்வொன்றாக வாங்கி, பழைய சில்லு யாது செய்திருக்குமோ அதனையே புதிய சில்லைக்கொண்டு செய்விக்கின்றது. துபாஷிக்கு இல்லாத தொல்லை ஒன்றும் இதற்கு உண்டு. கைப்பேசியின் விரைவு பன்மடங்கு மிகுதி. அதனை அவ்வாறே ஓடவிட்டால், விளையாட்டில் துரத்திவரும் பேய்கள் கண்ணிமைப்பதற்குள் பிடித்துவிடும். ஆதலால் ஒப்பியங்கி ஒவ்வொரு கணமும் காத்துக் காத்தே செல்லவேண்டும். விரைவாகச் செல்ல வல்லதை மெல்லச் செல்ல வைப்பதும் ஒரு திறமையன்றோ?

விளையாட்டுக்கு இத்துணை முயற்சியா என்று நகைப்பாரும் உளர். பல்லாங்குழிக்குப் பலகை இல்லையேல் தரையில் குழி தோண்டி ஆடலாம். விதிமுறை பாட்டியின் நினைவில் இருக்கின்றது. மின்விளையாட்டின் விதிமுறையோ சில்லுக்குள் புதைந்து கிடப்பது. எவரும் பெயர்த்தெடுக்காவிடின் பொறியோடு அதுவும் மாயும். இத்தாலியர் நிக்கோலா சால்மோரியா 1997இல் ‘மேம்’ என்னும் ஒப்பியங்கியைத் தொடங்கினார். பல நாட்டு ஆர்வலரும் கைகொடுக்க, ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் அதில் பிழைத்தன. எனினும், உரிமையுடையார் இசைவின்றி விளையாட்டைப் படியெடுத்துப் பரப்புதல் சட்டத்திற்கு ஒவ்வாது. ஒப்பியங்கி வேறு, அதில் ஏற்றும் விளையாட்டு வேறு என்பதனை மறத்தலாகாது.

இவ்வார்வலரிடம் யான் மிகவும் மதிப்பது அவர்தம் பேணும் பழக்கம். எப்பொறிக்கு உரியது, எவ்வாண்டினது என்பவற்றைக் குறித்து வைப்பர். எடுத்த படி மூலத்தோடு ஒரு புள்ளியும் பிறழாது ஒத்துள்ளதா என்று எண் குறியீட்டால் சோதிப்பர். சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு காணும் புலவர் செயலும் இதுவே. நாமோ ஒரு திருமணத்தில் ஆயிரம் படம் எடுக்கின்றோம். கைப்பேசி பழுதுற்றால் அத்தனையும் போயின என்று வருந்துகின்றோம். பெயரும் நாளும் குறித்து வேறோர் இடத்தில் ஒரு படி வைக்க எத்தனை நாழிகை ஆகும்?

தமிழுக்கும் இவ்விடர் நேர்ந்தது. முன்னர்க் கணிப்பொறித் தமிழ் எழுத்துருக்கள் பலவாக, ஒவ்வொன்றும் எழுத்துகளுக்கு வெவ்வேறு எண் கொடுத்தது. உரிய எழுத்துரு இல்லாத பொறியில் திறந்தால் அகரமும் ககரமும் தோன்றா. பொருளற்ற ரோமன் எழுத்துகளும் குறிகளுமே தோன்றும். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார், தமிழ் நூல்களைத் ‘திஸ்கி’ முறையில் வெளியிட்டுப் பின்னர் யூனிகோடு முறைக்கு மாற்றினர். அந்நூல்களை இன்று எக்கைப்பேசியிலும் படிக்கலாம். அவ்வாறு மாற்றப்பெறாத கோப்புகள் பழைய அச்சகக் கணிப்பொறிகளில் இன்னும் உறங்குகின்றன.