கடிகாரம் முதல் தீக்குச்சி வரை: மறதி நோயைக் கண்டறிய உதவும் 'கட்டமைப்புச் சோதனைகள்' - கவனிக்க வேண்டியவை என்ன?

புதுடெல்லி: ஒரு வட்டம் வரைந்து, அதில் கடிகார எண்களை எழுதி, முட்களை 11 மணி 10 நிமிடத்தில் வைக்குமாறு முதியவரிடம் மருத்துவர் கேட்பது பார்ப்பவருக்கு விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால், டிமென்ஷியா எனப்படும் மறதி நோயைக் கண்டறிவதில், வரைதல், அடுக்குதல், ஒன்றுசேர்த்தல் ஆகிய பணிகளுக்கு முக்கியப் பங்கு உண்டு.

இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர் டிமென்ஷியாவுடன் வாழ்வதாக 2023-ஆம் ஆண்டு வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டுள்ளது. பெண்களிடமும் கிராமப்புறங்களிலும் பாதிப்பு கூடுதலாக உள்ளது. பள்ளிக்குச் செல்லும் வாய்ப்பு குறைவாகக் கிடைத்தவர்களும் இவர்களே. எனவே, காகிதத்தையும் பென்சிலையும் நம்பியிருக்கும் சோதனைகள் நோயை அளக்கின்றனவா, கல்வியின்மையை அளக்கின்றனவா என்ற கேள்வி எழுகிறது.

சோதனையில் என்ன கேட்கப்படும்?

1975-இல் அறிமுகமாகி, உலகெங்கும் பரவலாகப் பயன்படும் 'மினி மென்டல் ஸ்டேட்' சோதனையில், ஒன்றையொன்று வெட்டும் இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். 2005-இல் வெளியான 'மான்ட்ரியல்' சோதனையில் கனசதுரத்தைப் பார்த்து வரைவதும், கடிகாரம் வரைவதும் இடம்பெற்றுள்ளன. வண்ணக் கட்டைகளை அடுக்கி, காட்டப்படும் வடிவத்தை உருவாக்கும் சோதனை இவற்றுக்கெல்லாம் மூத்தது. அது 1920-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது.

மூளை எப்படிச் செயல்படுகிறது?

கடிகாரம் வரைய, சொன்னதைப் புரிந்துகொள்ள வேண்டும்; கடிகாரத்தின் தோற்றத்தை நினைவுகூர வேண்டும்; இடத்தைப் பகிர்ந்து திட்டமிட வேண்டும்; கையும் அதற்கு இசைய வேண்டும். 10 நிமிடத்தைக் காட்ட, பெரிய முள் 2-ஐ நோக்கி இருக்க வேண்டும். ஆனால் '10' என்ற சொல் காதில் விழுந்ததும் முள்ளை 10-ஆம் எண்ணிலேயே வைத்துவிடுபவர்கள் உண்டு. உடனடித் தூண்டுதலைக் கட்டுப்படுத்தும் திறன் குறைவதை இது உணர்த்தக்கூடும். எண்கள் அனைத்தும் ஒரே பக்கத்தில் குவிந்தால், இடவுணர்வைக் கையாளும் மூளைப் பகுதியில் பாதிப்பு இருக்கிறதா என்று மருத்துவர்கள் ஆராய்வார்கள். 'லூயி பாடி' வகை டிமென்ஷியாவில், நினைவாற்றல் பெரிதாகக் குறையும் முன்பே இத்திறன் சரிவதுண்டு.

இறுதி வடிவம் மட்டுமன்றி, அதை அடையும் வழியும் கவனிக்கப்படுகிறது. எங்கே தொடங்குகிறார், தவறைத் தாமே உணர்கிறாரா, திருத்த முயல்கிறாரா, சிறு உதவி கிடைத்தால் தொடர்கிறாரா என்பவை நோயின் தன்மையையும் அவருக்குத் தேவைப்படும் பராமரிப்பையும் புரிந்துகொள்ள உதவுகின்றன.

பென்சில் பிடித்திராதவர்களுக்கு?

வாழ்நாளில் பென்சில் பிடித்திராத மூதாட்டியால் ஐங்கோணம் வரைய இயலாமல் போவது நோயின் அறிகுறியாகாது. இதற்கு நைஜீரியாவின் இபாதான் நகரில் ஒரு மாற்று உருவானது. தீக்குச்சிகளைக் கொண்டு, காட்டப்படும் வடிவத்தை மேசை மீது அமைக்கும் அச்சோதனை 2005-இல் வெளியிடப்பட்டது. தான்சானியாவின் கிராமப்புற முதியோருக்கான சோதனையிலும் தீக்குச்சி அமைப்பு சேர்க்கப்பட்டது.

இந்தியாவில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பங்கேற்கும் வகையில் மாற்றியமைக்கப்பட்ட ஹிந்தி மனநிலைச் சோதனை, ஹரியாணாவின் பல்லப்கரில் நடந்த ஆய்வின் வழியாக 1995-இல் வெளியானது. பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், ஹிந்தி, வங்கம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் அறிவாற்றல் சோதனைத் தொகுப்பை உருவாக்கியது.

குடும்பத்தினர் கவனத்துக்கு...

கடிகாரத்தைத் தவறாக வரைந்துவிட்டார் என்பதற்காக மட்டும் ஒருவருக்கு டிமென்ஷியா என்று முடிவு செய்யக் கூடாது. கண்புரை, மூட்டுவலி, கைநடுக்கம், மனச்சோர்வு ஆகியவையும் மதிப்பெண்ணைக் குறைக்கும். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு போன்ற, சிகிச்சையளிக்கக்கூடிய காரணங்களாலும் மறதி ஏற்படலாம். அதனால்தான் ரத்தப் பரிசோதனை, மூளை ஸ்கேன் ஆகியவற்றுடன், அன்றாட நடவடிக்கைகளில் ஏற்பட்ட மாற்றம் குறித்துக் குடும்பத்தினர் தரும் தகவலும் சேர்த்தே பரிசீலிக்கப்படுகிறது.

மதிப்பெண் நன்றாக இருந்தாலும் அலட்சியம் கூடாது. நன்கு படித்தவர்கள் தொடக்க நிலைப் பாதிப்பை மறைத்துவிடக்கூடும். பழகிய வழியைத் தவறவிடுவது, சமையலின் வரிசை குழம்புவது, சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுவது போன்றவை தொடர்ந்தால் நரம்பியல் அல்லது மனநல மருத்துவரை அணுக வேண்டும்.

சோதனைக்கு அழைத்துச் செல்லும்போது மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவற்றை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். அவர் எவ்வளவு படித்தவர், என்ன தொழில் செய்தவர், எந்த மொழியில் இயல்பாகப் பேசுவார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் தடுமாறும்போது குறுக்கிட்டு விடையைச் சொல்ல வேண்டாம்; சிரிக்கவும் வேண்டாம். முதியோருக்கான தேசிய உதவி எண்: 14567.