வயலில் மறையும் தழைச்சத்து

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளின் புகை கண்ணுக்குப் புலனாகும். அருகிலுள்ள நெல்வயலினின்று எழும் ஆவியோ புலனாகாது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து உண்டு. ஆயினும், இட்டதில் பெரும்பாலும் பாதிக்கும் குறைவே நெற்பயிரைச் சேரும். எஞ்சியது எங்ஙனம் மறைகின்றது?

தேங்கிய நீரில் தூவிய உரத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாகிக் காற்றிற் கலக்கும். மற்றொரு பகுதி நைட்ரேட்டாகும். அந்நைட்ரேட்டில் சிறிது நிலத்தடி நீரில் இறங்கும். சிறிது காற்றுப் புகாச் சேற்றில் நுண்ணுயிர்களால் வாயுவாகும். இதனால் உழவர் பொருள் வீணாவதேயன்றிக் கிணற்று நீரும் கெடும். நைட்ரேட்டு மிக்க நீர் கைக்குழந்தைகளுக்குத் தீங்கு பயக்கும்.

ஆதலின், வயல்நீரை வடித்து, பருவமறிந்து, உரத்தைப் பகுத்திடல் வேண்டும். வேப்பெண்ணெய்ப் பூச்சு நைட்ரேட்டாதலைத் தாழ்க்கும். 2015 முதல் இந்தியாவில் செய்யப்படும் யூரியா முழுவதற்கும் அது கட்டாயமாயிற்று. அளவறிந்து இடுதலே நல்லுழவு.