ஜன்னலுக்கு அந்தப் பக்கம்

எங்கள் சத்தியவேடு வகுப்புக்கு ஒரு அம்மா வருவார். ஒரு நாள் மாலை கையில் ஒரு சீட்டோடு வந்தார்.

"ஏம்மா, காலையில ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்தாங்க. குழாயை ஜன்னல் வழியா உள்ளே வாங்கிக்கிட்டாங்க. சாயங்காலம் இந்தச் சீட்டைக் கொடுத்தாங்க. நடுவில உள்ளே என்ன பண்ணினாங்க?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. எனக்கும் அப்போது முழுதாகத் தெரியாது. விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது?

நமக்குக் காய்ச்சல் வருகிறது. அது மலேரியாவாக இருக்கலாம். டைபாய்டாக இருக்கலாம். டெங்குவாகவும் இருக்கலாம். தொட்டுப் பார்த்தால் எல்லாம் ஒரே சூடுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எந்தக் காய்ச்சல் என்று எப்படித் தெரியும்?

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தட்டில் வைக்கிறார்கள். தோசை மாவை இழுப்பது போல மெல்லியதாக இழுக்கிறார்கள். காய வைத்துச் சாயம் ஏற்றுகிறார்கள். பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். அது ஒரு பொருளை ஆயிரம் மடங்கு பெரிதாகக் காட்டும். மலேரியாக் கிருமி இருந்தால், சிவப்பு அணுவுக்குள் சின்ன மோதிரம் போலத் தெரியும்.

சிலருக்கு மார்பிலோ கழுத்திலோ கட்டி வரும். அது சாதாரணக் கட்டியா, புற்றுநோயா? கையால் தொட்டு மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. கட்டியில் ஒரு சிறு துண்டை எடுப்பார்கள். அது கெட்டுப்போகாமல் மருந்தில் ஊற வைப்பார்கள். மெழுகில் பதிப்பார்கள். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மெல்லிய சீவலாகச் சீவுவார்கள். சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். இதற்குச் சில நாள் ஆகும்.

ஆகவே, "ரிசல்ட் வரவில்லை, அதனால் ஒன்றும் இல்லை" என்று இருந்துவிடாதீர்கள். சொன்ன நாளில் போய்க் கேட்டு வாங்குங்கள். சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

நோயின் அடையாளத்தை இப்படித் தேடும் படிப்புக்கு நோய்க்குறியியல் என்று பெயர். ஆஸ்பத்திரியில் பேத்தாலஜி என்பார்கள்.

உள்ளே யார் இருக்கிறார்கள்?

ரத்தம் எடுப்பவர், சாயம் ஏற்றுபவர், இயந்திரத்தில் சோதிப்பவர், இவர்கள் லேப் டெக்னீசியன்கள். தட்டைப் பார்த்து, "இது இன்ன நோய்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுபவர் பேத்தாலஜி டாக்டர். அவர் பெரும்பாலும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆனாலும் அவர் எழுதுவதை வைத்துத்தான் மற்ற டாக்டர் வைத்தியம் செய்கிறார்.

இந்த வேலைகளுக்கு நம் பிள்ளைகளும் போகலாம். இன்டரில் பைபிசி, அதாவது உயிரியல் பிரிவு எடுத்துப் படிக்க வேண்டும். பிறகு டி.எம்.எல்.டி. என்ற டிப்ளமோ உண்டு. அது ஏறக்குறைய 2 ஆண்டு. பி.எஸ்சி. பட்டப்படிப்பும் உண்டு. பயிற்சியோடு சேர்த்து ஏறக்குறைய 4 ஆண்டு ஆகும்.

டாக்டராக வேண்டும் என்றால் நீட் தேர்வு எழுத வேண்டும். எம்.பி.பி.எஸ். படிப்பும் பயிற்சியும் சேர்ந்து ஐந்தரை ஆண்டு. அதன் மேல் பேத்தாலஜியில் எம்.டி. 3 ஆண்டு. எம்.டி. முடித்தவர்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கலாம். மருத்துவக் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுக்கலாம். ஆராய்ச்சியும் செய்யலாம்.

நமக்குப் பக்கத்தில் திருப்பதியில் எஸ்.வி. மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அது 1960-ல் தொடங்கியது. 1993-ல் ஸ்விம்ஸ் வந்தது. வேலூரில் சி.எம்.சி. இருக்கிறது. இவை வைத்தியம் செய்யும் இடங்கள் மட்டுமல்ல. படிக்கும் இடங்களும்கூட.

ஒரு எச்சரிக்கை. தெருவுக்குத் தெரு "லேப் படிப்பு" என்று போர்டு வைக்கிறார்கள். பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: "இதற்கு அரசு அங்கீகாரம் உண்டா? காட்டுங்கள்." அங்கீகாரம் இல்லாத சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. கட்டிய பணமும் திரும்பாது.

ஒரு ஆசிரியை, ஒரு மாணவி

சொல்லிக் கொடுப்பதும் ஆராய்ச்சியும் எப்படி ஒன்று சேரும்? நடந்த கதை ஒன்று சொல்கிறேன்.

டாக்டர் சுனிதி சாலமன் சென்னையைச் சேர்ந்தவர். வெளிநாடுகளில் பேத்தாலஜி பயிற்சி பெற்றார். ஊர் திரும்பினார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியை ஆனார. நுண்ணுயிரியல் என்பது கிருமிகளைப் பற்றிய படிப்பு. பேத்தாலஜிக்கு அது தங்கை மாதிரி.

அப்போது எய்ட்ஸ் என்ற புது நோய் வெளிநாடுகளில் பரவிக்கொண்டிருந்தது. "நம் நாட்டில் அது வராது" என்று பலர் நினைத்தார்கள். சுனிதி அப்படி நினைக்கவில்லை. "தேடிப் பார்த்தால்தானே தெரியும்?" என்பது அவர் எண்ணம். தன் மாணவி டாக்டர் நிர்மலாவிடம், இதையே உன் ஆராய்ச்சியாகச் செய் என்றார்.

நிர்மலா இரண்டு பிள்ளைகளின் தாய். சென்னையில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்தம் சேகரித்தார். அவர் கணவர் ஸ்கூட்டரில் அழைத்துப் போய் உதவினார். கையுறைகூட இல்லாமல் அந்த வேலை நடந்தது. வீட்டு பிரிட்ஜில் ரத்தத்தை வைத்துக் காத்தார்கள்.

சோதிக்கும் வசதி அப்போது சென்னையில் இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் இருந்தது. 1986-ம் ஆண்டு தொடக்கத்தில் நிர்மலாவும் கணவரும் ராத்திரி ரயிலில் காட்பாடிக்குப் போனார்கள். ரத்தத்தைக் கையோடு கொண்டுபோனார்கள். சோதனையில் நிறம் மஞ்சளாக மாறினால் கிருமியின் தடயம் இருக்கிறது என்று அர்த்தம். ஆறு பேரின் ரத்தம் மஞ்சளாக மாறியது.

அவர்கள் உடனே ஊரெல்லாம் சொல்லிவிடவில்லை. அமெரிக்காவுக்கு அனுப்பி மறுபடியும் சோதித்தார்கள். அங்கும் உறுதியானது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் முதலில் தெரிந்தது.

கிருமி இருப்பது தெரிந்த பிறகுதான் தடுக்கும் வேலை தொடங்கியது. ரத்த வங்கிகளில் சோதனை வந்தது. 2004 முதல் அரசு எச்.ஐ.வி. மாத்திரைகளை இலவசமாகத் தருகிறது. அதைத் தவறாமல் சாப்பிடுபவர்கள் நெடுநாள் வாழ்கிறார்கள்.

சுனிதி 1993-ல் சென்னையில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்காக ஒரு மையம் தொடங்கினார். மற்றவர்கள் தொடப் பயந்தவர்களை அவர் தொட்டுப் பேசினார். 2015-ல் காலமானார். 2017-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஆராய்ச்சி என்றால் என்ன? "இருக்காது" என்று எல்லோரும் சொல்லும்போது தேடிப் பார்ப்பது. கண்டுபிடித்த பிறகும் இன்னொரு முறை சோதிப்பது. ஆசிரியை கேள்வியைக் கொடுத்தார். மாணவி அலைந்து பதிலைக் கொண்டுவந்தார்.

அந்த அம்மாவின் சீட்டு

இப்போது அந்த அம்மாவின் சீட்டுக்கு வருவோம். அதில் எழுத்து இங்கிலீஷில் இருந்தது. ஆனால் எண்கள் நமக்குத் தெரிந்த எண்கள்தானே?

ஹீமோகுளோபின் என்ற வரியைக் காட்டி, "இதைப் படியுங்கள்" என்றேன்.

விரல் வைத்துப் படித்தார். "எட்டு."

"பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அதான் மாடி ஏறினா மூச்சு வாங்குதா? வயசாயிடுச்சுன்னு நினைச்சேன்" என்றார்.

மறுநாளே சீட்டை டாக்டரிடம் காட்டினார். ரத்த சோகை என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்கச் சொன்னார்கள்.

போகும்போது என்னிடம் கேட்டார். "என் பொண்ணு இன்டர்ல பைபிசிதான் படிக்கிறா. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவ உக்கார முடியுமா?"

முடியும் என்றேன். வழியையும் எழுதிக் கொடுத்தேன். அவரே படித்துப் பார்த்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் பழைய சோதனைச் சீட்டு இருக்கிறதா? அதில் உள்ள எண்களைப் படியுங்கள். பக்கத்தில் சரியான அளவு எவ்வளவு என்று போட்டிருக்கும். இரண்டையும் ஒப்பிடுங்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள்.

2. ஒரு படிப்பில் சேரப் பணம் கட்டும் முன் என்ன கேட்க வேண்டும்?

3. நிர்மலாவுக்கு யார் யார் உதவினார்கள்? நம் வீட்டுப் பெண் படிக்க நாம் என்ன உதவி செய்யலாம்?