எழுதுபவனின் ஓய்வு: இப்னு கல்தூனின் நோக்கு

எழுத்தாளன் தன் உடலையும் உள்ளத்தையும் எவ்வாறு பேணிக்கொள்ள வேண்டும் என்பது நவீன உளவியல் எழுப்பிய கேள்வி என்றே நம்மிற் பலர் கருதுகின்றனர். அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இப்னு கல்தூன் (1332–1406) இதனை ஆராய்ந்துள்ளார். அவரது முகத்திமாவில் அரசு, அஸபிய்யா பற்றிய அத்தியாயங்களை விரும்பிப் படிப்போர், கவிதைக் கலை பற்றிய அதன் இறுதிப் பகுதியைப் பெரும்பாலும் எட்டுவதில்லை.

கவிஞனுக்குத் தனிமை வேண்டும் என்று அப்பகுதியில் அவர் கூறுகிறார். அவன் அமரும் இடத்தில் நீரும் மலர்களும் கண்ணுக்கு இனிமை தர வேண்டும். இன்னோசையும் உள்ளத்தைத் தூண்டும். உடல் களைப்பின்றி இருத்தல் அவசியம். துயில் நீங்கிய அதிகாலையே சிறந்த பொழுது. அப்போது வயிறு வெறுமையாகவும் சிந்தனை ஊக்கத்துடனும் இருக்கும். (சுபஹுத் தொழுகைக்கு எழும் வழக்கமுடைய வாசகருக்கு இப்பொழுதின் தெளிவை விளக்க வேண்டியதில்லை.) இவ்விடயத்தில் கைரவானின் இப்னு ரஷீக் எழுதிய ‘அல்உம்தா’வுக்குத் தாம் கடன்பட்டிருப்பதையும் அவர் மறைக்கவில்லை. இத்தனைக்குப் பின்னரும் சொல் வசப்படாவிடின் வேறொரு நேரத்துக்கு விட்டுவிட வேண்டுமே தவிர, மனத்தை வருத்தலாகாது என்கிறார். எழுதி முடித்ததைத் திரும்பத் திரும்பச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். தரமற்றதைக் கைவிடத் தயங்கக் கூடாது. மனிதன் தன் கவிதை மீது மயக்கம் கொண்டவன் என்பதை அவர் நன்கறிவார்.

இவற்றினும் ஆழமானது நினைவு பற்றிய அவரது கருத்தாகும். சிறந்த கவிதைகளை ஏராளமாக மனனம் செய்ய வேண்டும். பின்னர் அவற்றை மறந்துவிட வேண்டும். சொற்கள் அகன்ற பின்பும் அவற்றின் வார்ப்பு உள்ளத்தில் எஞ்சும். புதிய ஆக்கம் அவ்வார்ப்பிலிருந்தே பிறக்கும். மறதியை எழுத்தாளனின் பகையாகவே எண்ணிப் பழகிய நமக்கு இது வியப்பளிக்கலாம். ஆனால் எதை மனனம் செய்தோம் என்பது முக்கியம். கிரனடாவின் அமைச்சரும் பெரும் கவிஞருமான இப்னுல் கதீபிடம், கவிதை தமக்கு எளிதில் வருவதில்லை என அவர் ஒருமுறை முறையிட்டார். கிராஅத் கலை பற்றிய பாடநூற் செய்யுள்களையும் ஃபிக்ஹு, உஸூல், தர்க்கம் ஆகிய துறைகளின் நூல்களையும் இளமையில் மனனம் செய்ததே அதற்குக் காரணம் என்றும் தாமே விளக்கினார். நண்பர் அவ்விளக்கத்தின் நுட்பத்தை வியந்து பாராட்டினார். துறைசார் அறிவு நிரம்பிய உள்ளத்தில் கவிதைக்கு இடம் குறைந்துவிடுகிறது என்ற இக்கூற்று, கல்வியை மதிக்கும் எமக்குச் சற்றே கசப்பானதுதான்.

அவரது சொந்த வாழ்வோ ஓய்வறியாதது. 1348–49ஆம் ஆண்டுகளில் பரவிய கொள்ளைநோயில் பெற்றோரை இழந்தார். ஃபாஸ் நகரில் ஏறத்தாழ இரு ஆண்டுகள் சிறையிலிருந்தார். மஃரிபின் அரசவைகள் பலவற்றில் பதவி வகித்து அலைக்கழிந்தார். 1374இல் அந்நண்பர் இப்னுல் கதீப், ஃபாஸ் சிறையில் கொல்லப்பட்டார். மறு ஆண்டு இப்னு கல்தூன் அரசியலிலிருந்து விலகி, இன்றைய அல்ஜீரியாவின் ஃபிரெந்தா அருகேயுள்ள இப்னு ஸலாமா கோட்டையில் குடும்பத்துடன் தங்கினார். அவ்லாத் அரீஃப் குலத்தார் அவருக்குப் பாதுகாப்பளித்தனர். நான்கு ஆண்டுகள் அங்கே கழிந்தன. முகத்திமாவின் முதல் வடிவமோ ஐந்தே மாதங்களில், ஹிஜ்ரி 779இன் நடுப்பகுதியில் (1377) நிறைவுற்றது. சொற்களும் கருத்துகளும் மழையெனப் பொழிந்தன என்றும், அவற்றைக் கடைந்தே நூலின் சாரத்தைத் திரட்டியதாகவும் தன்வரலாற்றில் அவர் எழுதுகிறார். அந்த ஐந்து மாதங்களை மட்டும் வியப்போர், அதற்கு முந்திய கால் நூற்றாண்டுக் கால அலைச்சலையும் கோட்டையின் அமைதியையும் கணக்கில் கொள்வதில்லை.

தனிமையும் என்றென்றைக்கும் போதுமானதாக இருக்கவில்லை. மரணத்தின் விளிம்புக்கே கொண்டுசென்ற நோயொன்று அவரைப் பீடித்தது. நினைவிலிருந்து எழுதியதைச் சரிபார்க்க நகரங்களில் மட்டுமே கிடைக்கும் நூல்களும் தேவைப்பட்டன. 1378இல் கோட்டையை விட்டு, தாம் பிறந்த தூனிஸ் நகரின் நூலகங்களை நாடிப் புறப்பட்டார். பின்னர் கெய்ரோவில் காழியாகப் பணியாற்றிய ஆண்டுகளிலும் முகத்திமாவைத் திருத்திக்கொண்டே இருந்தார்.