ஒலிப்பதிவுக் கலையும் கல்லூரிப் பயிற்சியும்

சில திங்களுக்கு முன் நம் கல்லூரி மண்டபத்தில் நாடகமொன்று நடைபெற்றது. நடிகர் நன்கு நடித்தனர், உரையும் செவ்வியதே. ஆயினும் பின்வரிசைகளில் அமர்ந்திருந்தோர்க்கு ஒரு சொல்லின் இறுதி மறுசொல்லின் முதலோடு கலந்து, பொருள் விளங்காத முழக்கமாகவே வந்து சேர்ந்தது. அந்நாடகத்தைப் பதிவு செய்யும் பொருட்டு என் நண்பர் ஒருவர் விலையுயர்ந்த ஒலிவாங்கியையும் கணினியையும் கொணர்ந்து நடு மண்டபத்தில் வைத்திருந்தார். மறுநாள் அப்பதிவைக் கேட்டபோது, நேரிற் கேட்டதைக் காட்டிலும் குழப்பம் மிகுந்திருந்ததேயன்றிக் குறைந்திலது. குற்றம் நடிகரிடத்தும் இல்லை, கருவியினிடத்தும் இல்லையெனின், பின் யாண்டுளது என அவர் என்னை வினவினார். அவர் பட்டப்படிப்பு முடிந்தபின் ஒலிப்பொறியியல் பயில விரும்புபவர். அதன்பொருட்டு அவர் தந்தையார், நிலத்தில் ஒரு பகுதியை விற்கவும் இசைந்திருக்கின்றார். ஆகவே, அக்கல்வியில் எது நிலைக்கும், எது நிலையாது என்பது அக்குடும்பத்தார்க்கு வெறும் ஆராய்ச்சிப் பொருளன்று.

குற்றம் மண்டபத்தினிடத்து உளது. இதனை அளந்து கூறிய முதல் அறிஞர் அமெரிக்க நாட்டு ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த வாலஸ் சேபின் என்பார். 1895-ஆம் ஆண்டில் அங்குப் புதிதாகக் கட்டப்பெற்ற ஃபாக் கலைக்காட்சிச் சாலையின் விரிவுரை மண்டபம், பேசுவோர் சொல் விளங்காமையால் பயனற்றதாயிற்று. சர்வகலாசாலைத் தலைவர் எலியட், இக்குறையைத் தீர்க்கும் பணியை இளம் பௌதிக ஆசிரியராகிய சேபினிடம் ஒப்புவித்தார். அப்போது அவர்க்கு வயது இருபத்தேழு. ஓர் ஆர்கன் குழல், காலத்தை அளக்கும் கருவியொன்று, தம் இரு செவிகள், இவையே அவர் கொண்ட சாதனங்கள். குழலை ஒலித்து நிறுத்தியபின், மண்டபத்தில் எஞ்சி உலவும் ஒலி செவிக்குக் கேளாதொழியும் வரை எத்துணை நேரம் சென்றதென்று அளந்தார். வெற்று மண்டபத்தில் அஃது 5.62 விநாடி நீடித்தது. நாம் ஒரு விநாடியில் நான்கைந்து அசைகளைப் பேசுகின்றோமாதலின், முன் பேசிய இருபதுக்கு மேற்பட்ட அசைகளின் எச்சம் பின் பேசும் ஒவ்வோர் அசையோடும் போராடிக்கொண்டிருந்தது என்க.

அருகிலிருந்த சாண்டர்ஸ் நாடகசாலையின் இருக்கை மெத்தைகளை அவர் இரவில் எடுத்துவந்து இம்மண்டபத்திற் பரப்பினார். தெருவில் வண்டிகள் ஓய்ந்த பின்னரே அளவெடுத்தல் கூடும். விடியுமுன் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்த்தலும் வேண்டும். மெத்தைகள் பெருகப் பெருக எச்சவொலி குறுகி, ஈற்றில் 1.14 விநாடியளவிற்கு வந்து நின்றது. இடையில், தாம் உடுத்த உடையும் ஒலியை உறிஞ்சி அளவை மாற்றுகின்றது என்று அவர் கண்டார். உடனே அதுவரை எடுத்த ஆயிரக்கணக்கான அளவுகளை ஒதுக்கிவிட்டு, அன்றுதொட்டு ஒரேவகை உடையையே உடுத்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். அவர் கண்ட சூத்திரத்தினும் இச்செயலே எனக்கு மிக இனிதாகத் தோன்றுகின்றது.

சூத்திரமும் எளியதே. மண்டபத்தின் கனவளவைக் கனமீட்டரிற் கண்டு 0.161-ஆற் பெருக்கி, அங்குள்ள பொருள்களின் உறிஞ்சும் பரப்பைச் சதுர மீட்டரிற் கண்டு அதனால் வகுக்க, எச்சவொலி நிற்கும் காலம் விநாடியிற் கிடைக்கும். நம் மண்டபத்தை 30 மீட்டர் நீளமும், 15 மீட்டர் அகலமும், 8 மீட்டர் உயரமும் உடையதாகக் கொள்வோம். கனவளவு 3,600 கனமீட்டர். சுண்ணச் சுவரும் கல் தளமும் ஒலியை உறிஞ்சுவது மிகச் சிறிதாகையால், பலகணிகளையும் மரப்பலகைகளையும் கூட்டி, உறிஞ்சும் பரப்பு 120 சதுர மீட்டர் என வைப்பின், காலம் 4.83 விநாடியாகும். நானூறு பேர் வந்தமர்ந்து, ஒருவர்க்கு 0.45 சதுர மீட்டர் வீதம் 180 சேரின், அது 1.93 விநாடியாகக் குறையும். நாடகத்தன்று பாதி இருக்கைகள் காலியாயிருந்தன என்பதை நேரில் வந்திருந்த வாசகர் மறந்திரார். பேச்சிற்கு ஏறக்குறைய ஒரு விநாடியே தகும்.

நேரிற் கேட்டதினும் பதிவு கெட்டது ஏன் எனின், நமக்குச் செவி இரண்டு. அவை ஒலி வரும் திசையை அறிந்து, மேடையினின்று நேரே வரும் ஒலியைச் சுவரினின்று மீள்வதிலிருந்து ஒருவாறு பிரித்தெடுக்க மூளைக்கு உதவுகின்றன. நடு மண்டபத்தில் நின்ற ஒற்றை ஒலிவாங்கிக்கு அவ்வறிவு இல்லை. வந்ததனைத்தையும் ஒன்றாகவே வாங்கிக்கொண்டது. அதனை மேடையருகே வைத்திருப்பின் பாதித் துன்பம் தீர்ந்திருக்கும். இதற்குச் செலவு யாதும் இல்லை. இதனை அறிந்திருத்தலே வேண்டுவது.

சேபினுடைய கணக்கைக் கொண்டு அமைத்த பாஸ்டன் நகரத்து இசைமண்டபம் 1900-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் திறக்கப்பெற்றது. உலகிற் சிறந்த இசைமண்டபங்களுள் ஒன்றாக அஃது இன்றும் எண்ணப்படுகின்றது.

இங்ஙனம் மண்டபத்தின் இயல்பு சாஸ்திரமாகிவிட்ட போதிலும், ஒலியைப் பதியும் தொழில் நெடுநாள் குருவின் அருகிருந்து பழகும் கைத்தொழிலாகவே இருந்தது. பொறியறிந்தவர்க்கு இசை தெரியாது. இசையறிந்தவர்க்குப் பொறி தெரியாது. இப்பிளவைக் கண்டு வருந்தியவருள் ஒருவர் இசைப்புலவர் அர்னால்ட் ஷோன்பெர்க். அவர் 1946-ஆம் ஆண்டில் சிகாகோ சர்வகலாசாலைத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், இசை, ஒலிநூல், பௌதிகம், பொறிநூல் ஆகியவற்றை ஒருங்கே கற்ற ஒலியாளரைப் பயிற்றுதல் வேண்டுமென்று யோசனை கூறினார். ஜெர்மனியில் டெட்மோல்ட் நகரத்து இசைக் கல்லூரியில், எரிக் தீன்ஹௌஸ் என்பாரது முயற்சியால் 1949-இல் இத்தகைய கல்வி தொடங்கிற்று. அங்கு இதனைக் கற்போர் 'டோன்மைஸ்டர்' எனப்படுவர். ஒலிக்கு ஆசான் என்பது அச்சொல்லின் பொருள். இங்கிலாந்தில் சர்ரி சர்வகலாசாலை 1970-இல் அப்பெயராலேயே ஒரு பட்டப்படிப்பை ஏற்படுத்தியது. டெட்மோல்டில் இக்கல்வி பொறியியற் சாலையிற் பிறவாது இசைக் கல்லூரியிற் பிறந்தமை கருதத்தக்கது. பொத்தான்களை அறிந்தவன் அவ்வாயிலில் நின்றுவிடுவான். வாத்தியம் ஒன்றையேனும் வாசிக்க வல்லவனே உள்ளே புகுவான்.

இனி, கல்லூரியிற் கற்பனவற்றுள் ஒன்றிரண்டை எடுத்துக்காட்டுவேன். பாடகர் ஒருவர் முன் இரண்டு ஒலிவாங்கிகளை வைத்து, அவற்றின் பதிவுகளை ஒன்றாகக் கலக்கின்றோம் எனக் கொள்க. ஒன்று மற்றொன்றினும் 34 சென்டிமீட்டர் தொலைவில் உளது. ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லுமாதலின், இரண்டாவது ஒலிவாங்கிக்குக் குரல் ஆயிரத்திலொரு விநாடி பிந்திச் சேரும். விநாடிக்கு 500 முறை அதிரும் சுரத்திற்கு அது சரிபாதி அதிர்வாகும். முதல் ஒலிவாங்கியில் அலை ஏறும்போது இரண்டாவதில் இறங்கும். இரண்டும் கூடி அச்சுரம் தேய்ந்தொழியும். 1,500, 2,500 அதிர்வுகட்கும் அதுவே கதி. இடையிலுள்ள 1,000, 2,000 அதிர்வுகளோ இருமடங்காக ஓங்கும். குரல் தகரக் குழாயினூடே வந்தாற்போல் கேட்கும். பயிலாதவர் திருகுகளைத் திருப்பி இரவெல்லாம் வருந்துவர். பயின்றவர் எழுந்துசென்று ஒலிவாங்கியின் தாங்கியைச் சிறிது நகர்த்துவர். அல்லது ஒன்றை அணைத்துவிடுவர்.

மற்றொன்று, ஒலியை எண்ணாக மாற்றும் முறையைப் பற்றியது. 1982-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில், ஒலியலையின் உயரம் விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பெற்று எண்ணாகப் பதியப்படுகின்றது. இவ்வெண்ணிக்கை ஏன்? மனிதச் செவி கேட்கும் மேலெல்லை ஏறக்குறைய 20,000 அதிர்வு. அலையொன்றைப் பிழையின்றி மீட்டெடுக்க அதன் அதிர்வைப்போல் இருமடங்குக்கு மேல் அளவெடுத்தல் வேண்டும். இவ்விதியை மீறி 30,000 அதிர்வுடைய ஒலியை உள்ளே விட்டால், செவிக்கு எட்டாத அவ்வொலி 14,100 அதிர்வுடைய பொய்யொலியாக உருமாறி உள்ளே நிற்கும். ஒருமுறை புகுந்தபின் அதனை மெய்யொலியினின்று பிரித்தறிய வழியில்லை. ஆகையால் அளக்குமுன்னரே அதனை வடிகட்டுகின்றனர். கணிதத்தை வெறுத்து இசையை மட்டும் விரும்பி இக்கல்விக்கு வருவோர் இவ்விடத்தில் தளர்வதை யான் கண்டிருக்கின்றேன்.

இவ்விரண்டினும் அரியது செவிப்பயிற்சி. போலந்து நாட்டு வார்ஸா நகரில் உள்ள சொப்பின் இசைக்கழகத்தில், 1970-களில் இதனைத் தனிப்பாடமாகவே வகுத்தனர். ஆசிரியர் ஓர் இசைப்பகுதியை ஒலிக்கச் செய்து, 250, 500, 1,000, 2,000, 4,000 என்னும் அதிர்வுப் பகுதிகளுள் ஒன்றை மட்டும் சிறிது ஏற்றுவார். ஏறியது எது என மாணவர் சொல்லவேண்டும். முதற்றிங்களில் எல்லாம் ஊகமே. நாள்தோறும் சிறிது நேரம் பழகிவரின், நம் இசை மாணவர் சுரத்தானங்களை அறிவதுபோல இதுவும் கைவரும். இதனுடன் ஒரு மயக்கத்தையும் வெல்லுதல் வேண்டும். ஒரே பாட்டின் இரு பதிவுகளில், ஒன்று ஒரு டெசிபெல் உரத்து ஒலிப்பினும், செவி அதனையே சிறந்ததென்று தீர்ப்புக் கூறிவிடும். ஆதலின், இரண்டையும் ஒரே உரப்பில் நிறுத்தியன்றி ஒப்புநோக்கலாகாது என்பது இக்கல்வியின் பாலபாடம். இதனை அறியாத வணிகரும் அறிந்த வணிகரும் உரத்த ஒலிபெருக்கியையே நமக்கு விற்கின்றனர்.

மேற்கூறிய யாவும் எந்தப் பொறி வந்தாலும் மாறாதவை. பொறிகளோ மாறிக்கொண்டேயிருக்கின்றன. காந்த நாடாவைச் சவரக் கத்தியால் வெட்டி ஒட்டும் கைத்திறம் ஒருகாலத்தில் இத்தொழிலின் முதற்பாடமாக இருந்தது. அதில் வல்லவராயிருந்தோர் அத்திறத்திற்கு வேலையின்றிப் போனதைத் தம் வாழ்நாளிலேயே கண்டனர். கணினியில் இன்று வழங்கும் மென்பொருளுக்கும் அதுவே நேரும். ஆகவே, இன்ன மென்பொருளைக் கற்பிப்போம், இத்தனை திருகுகளுள்ள மேசை எம்மிடம் உண்டு என்று விளம்பரஞ் செய்யும் பள்ளியை யான் சிறிது ஐயத்தோடே நோக்குவேன். நண்பர்க்கு யான் கூறியது இதுவே: சேருமுன் அப்பள்ளிக்கு நேரிற் செல்க. ஒவ்வொரு மாணவனும் தனியே அமர்ந்து வாரத்தில் எத்துணை மணி நேரம் பதிவு செய்கின்றான், அவன் பதிவைக் கேட்டு ஆசிரியர் திருத்துகின்றாரா, செவிப்பயிற்சிக்கென நேரம் ஒதுக்கப்பட்டுள்ளதா, இவற்றைக் கேட்டறிக. மேசையின் நீளத்தைப் பிறகு பார்க்கலாம்.

நம் நாட்டில் இதற்கு அரசாங்கக் கல்லூரிகளும் உள. புனேயில் 1960-இல் நிறுவப்பெற்ற திரைப்படக் கல்லூரியில் ஒலித்துறை உண்டு. 2009-ஆம் ஆண்டில் ஒலிக்கலவைக்காக ஆஸ்கார் பரிசு பெற்ற மூவருள் ஒருவராகிய ரசூல் பூக்குட்டி அங்குப் பயின்றவரே. கல்கத்தாவிலும், சென்னைத் தரமணியிலும் உள்ள திரைப்படக் கல்லூரிகளிலும் இதனைக் கற்பிக்கின்றனர். ஆனால் இடங்கள் சில, விரும்புவோர் பலர். தனியார் பள்ளிகளில் பொருட்செலவு மிகுதி என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

இறுதியாக, பள்ளியில் வாங்க இயலாத கருவி ஒன்றைப் பற்றி. 85 டெசிபெல் உரப்பில் எட்டு மணி நேரத்திற்கு மேல் இருத்தல் செவிக்குத் தீங்கென்றும், உரப்பு மூன்று டெசிபெல் ஏறுந்தோறும் அக்காலத்தைப் பாதியாக்க வேண்டுமென்றும் ஆய்ந்தோர் வரையறுத்துள்ளனர். எனவே 88-இல் நான்கு மணி, 91-இல் இரண்டு, 100-இல் கால்மணி நேரமே. இவ்வாறு கெடும் செவியில் முதலில் மங்குவது 4,000 அதிர்வை ஒட்டிய பகுதியாகும். சொற்களின் தெளிவிற்குத் துணைசெய்வதும் அப்பகுதியே. உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் ஒருமுறை அழியின் மீண்டும் தோன்றுவதில்லை. நண்பரை இதன்பொருட்டுச் செவிப் பரிசோதனைக்கு அனுப்பினேன். வலச்செவி குறையற்றது, இடச்செவியின் வரைபடத்தில் 4,000-இல் சிறியதொரு பள்ளம் காணப்பட்டது. ஊர்த் திருவிழாவில் மூன்றாண்டுகள் ஒலிபெருக்கிக்கு இடப்புறத்தைக் காட்டி நின்றதன் ஊதியம் அது என்று அவரே கூறினார். இக்குறை தொழிலுக்குத் தடையாகாது என்றும், இனி வளரவிடலாகாது என்றும் மருத்துவர் சொன்னாராம். விண்ணப்பம் சென்ற வாரம் தபாலிற் போயிற்று. அன்று மாலையே செவியடைப்பானும் ஒருசோடி வாங்கிவிட்டார்.