செல்லை உடைக்காமல் பார்ப்பது

செல்லுக்குள் புரதங்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் சேதியை அறிய, நெடுங்காலம் செல்லை அரைத்துத்தான் பார்த்தார்கள். லட்சக்கணக்கான செல்களை உடைத்துக் கலக்கினால் என்ன நடந்தது என்று தெரியும். எந்தச் செல்லில், எந்த மூலையில், எந்த நொடியில் என்பது போய்விடும். சேதியில் பாதி அதுதானே!

வழிகாட்டியது ஒரு ஜெல்லிமீன். 1961 கோடையில், அமெரிக்காவின் ஃப்ரைடே ஹார்பரில், ஒளிரும் ஜெல்லிமீனின் சாற்றைச் சோதித்துக்கொண்டிருந்த ஒசாமு ஷிமோமுரா அதைக் கழுவுதொட்டியில் கொட்டினார். தொட்டி நீலமாகப் பளிச்சிட்டது. அதில் விழுந்துகொண்டிருந்த கடல்நீரின் கால்சியம்தான் ஏக்வோரின் என்ற புரதத்தை ஒளிரவைத்தது. அதனுடன் பச்சை ஒளிர்புரதம் ஒன்றும் கிடைத்தது. 1994-இல் மார்ட்டின் சால்ஃபி அதன் மரபணுவைப் பாக்டீரியாவிலும் புழுவிலும் சேர்த்து ஒளிரச் செய்தார். ரோஜர் சியென் அதற்குப் பல நிறங்கள் தந்தார். 2008-இல் மூவருக்கும் நோபல் பரிசு.

1997-இல் அட்சுஷி மியாவாக்கியும் சியெனும் இந்த நிறப் புரதங்களைக் கொண்டு கால்சியத்தைக் கண்டறிய உருவாக்கிய உணரியின் பெயர் 'கமீலியன்', அதாவது பச்சோந்தி. ஒரு முனையில் வெளிர்நீலப் புரதம், மறுமுனையில் மஞ்சள் புரதம், நடுவே கால்சியத்தைப் பிடிக்கும் கால்மோடுலின் என்ற புரதம், அதை ஒட்டி ஒரு சிறு பெப்டைடு. கால்சியம் வந்ததும் கால்மோடுலின் அந்தப் பெப்டைடைக் கவ்விக்கொள்ளும். இரு முனைகளும் நெருங்கும். இப்போது நீலத்தைத் தூண்டினால், அது தன் ஆற்றலை ஒளியாக விடாமல் மஞ்சளுக்குக் கொடுத்துவிடும். இதற்கு இரண்டும் சுமார் 10 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். தூரம் இரட்டித்தால் ஆற்றல் கைமாறும் வேகம் 64-இல் ஒரு பங்காகிவிடும். இவ்வளவு கறாரான அளவுகோல் என்பதால்தான் புரதம் மடிவதே நிறமாகத் தெரிகிறது.

ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனிதச் செல்களான ஹீலா செல்களில் இதை வைத்து, செல்லைத் தூண்டும் ஹிஸ்டமினை விட்டால் நீலம் தாழும், மஞ்சள் ஏறும். பிறகு இரண்டும் அலைபோல மாறிமாறி வரும். செல் உயிரோடு இருக்கும்போதே பேசுவதைப் பார்ப்பது இது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கால்சியத்தோடு நிற்கவில்லை. 2001-இல் சியென் ஆய்வகத்தில் ஜின் ஜாங் முதலானோர் மற்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதியான புரத கைனேஸ் ஏ-வுக்கு ஓர் உணரி செய்தார்கள். கைனேஸ் அதில் பாஸ்பேட்டை ஒட்டியதும் உணரி மடிந்து நிறம் மாறும்.

ஆனால் உணரியும் செல்லுக்குள் நுழைந்த ஒரு புரதம்தான். அளவு மிஞ்சினால், தானே கால்சியத்தைப் பிடித்துவைத்து நாம் பார்க்க வந்ததையே மாற்றிவிடும். அமிலத்தன்மை மாறினாலும் மஞ்சள் மங்கலாம். அதனால் பாஸ்பேட் ஒட்டும் இடத்தை மட்டும் கெடுத்த இன்னோர் உணரியையும் செய்து, அதே சோதனைக்கு உட்படுத்துகிறார்கள். அதுவும் நிறம் மாறினால், பார்த்தது கைனேஸின் வேலை அல்ல.